பி.எம்.பி. படத்தை 0.6 மடங்காக்கும் சி நிரல்: 64 பிக்சல் படம் சரியாக வருகிறது, 533 பிக்சல் படம் சாய்ந்து வருகிறது

சின்னப்பாலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் இருந்து எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படிக்கிறேன். என் அம்மாவும் எங்கள் தெருப் பெண்கள் பலரும் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்கிப் பாசி எடுப்பவர்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் வாயில் வழங்கும் பெயர்களோடு பாசிப் படங்களை மாறி மாறிக் காட்டும் சிறிய திரை ஒன்றைச் செய்து, மகளிர் குழு கூடும் கூடத்தில் வைப்பதுதான் என் திட்டப்பணி. திரை 320 × 240 பிக்சல் அளவுடையது. அதை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலரில் நினைவகம் குறைவு என்பதால், ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் சுருக்காமல் அப்படியே வைத்திருப்பதால் விரித்துப் படிக்கும் வேலை வைக்காத 24 பிட் பி.எம்.பி. கோப்புகளையே பயன்படுத்துகிறேன்.

வெள்ளைத் தாளில் பாசியை ஒட்டி உலர்த்தி ஸ்கேன் செய்த படங்கள் எல்லாம் 533 × 400 அளவில் உள்ளன. அவற்றை 0.6 மடங்காகக் குறைத்தால் திரைக்குப் பொருந்தும். ஜிம்ப் போன்ற மென்பொருளில் இதை ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம் என்பது தெரியும். ஆனால் அளவு மாற்றும் பகுதியை நானே சி மொழியில் எழுத வேண்டும் என்பது திட்டப்பணியின் நிபந்தனை, எனக்கும் அதைப் புரிந்துகொண்டு எழுதத்தான் விருப்பம்.

நிரல் செய்வது இதுதான். கோப்பின் தொடக்கத்தில் அளவு முதலிய விவரங்களைத் தாங்கும் 14 பைட் கோப்பு ஹெடரையும் 40 பைட் பட ஹெடரையும் படித்து, அகலத்தையும் உயரத்தையும் காரணியால் (மாற்ற வேண்டிய மடங்கால்) பெருக்கி, பின்னத்தை வெட்டி முழு எண்ணாக்கிப் புதிய ஹெடரில் எழுதுகிறேன். பிறகு பழைய படத்தின் ஒவ்வொரு வரிசையிலும் ஒவ்வொரு பிக்சலாகப் படிக்கிறேன். "மிச்சம்" என்று ஒரு மாறி வைத்திருக்கிறேன். ஒரு பிக்சலைப் படித்ததும் அதில் காரணியைக் கூட்டி, மிச்சம் 1 அல்லது அதற்கு மேல் இருக்கும் வரை அந்தப் பிக்சலை எழுதி எழுதி 1ஐக் கழிக்கிறேன். வரிசைகளைத் திரும்ப எழுதுவதற்கும் விடுவதற்கும் இதே போன்ற இன்னொரு மாறி உண்டு. வரிசை முடிந்ததும் அதன் நீளத்தைச் சரிகட்டும் நிரப்பு பைட்டுகளை எழுதுகிறேன்.

64 × 64 அளவுள்ள மாதிரிப் படம் ஒன்றை 2 மடங்காகவும் 1.5 மடங்காகவும் மாற்றிப் பார்த்தேன், இரண்டும் சரியாக வந்தன. பாசிப் படத்தை 0.6 மடங்காக மாற்றினால் மட்டும் கீழே நேராகத் தொடங்கும் படம் மேலே போகப் போக வலப்பக்கம் சாய்கிறது. அதோடு வரிக்கு வரி நிறமும் மாறி, பச்சைப் பாசி சில வரிகளில் சிவப்பாகவும் சில வரிகளில் நீலமாகவும் தெரிகிறது. மூன்று நாட்களாகப் பார்த்தும் எங்கே தவறுகிறது என்று பிடிபடவில்லை. வழி காட்டுங்கள்.

மண்டபம் முகாம் எழுதியது:

நீங்கள் பார்த்ததை நன்றாக விவரித்திருக்கிறீர்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஒரு பிக்சலுக்கு நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் 3 பைட். படம் சாய்ந்தும் நிறம் மாறாமல் இருந்தால், வரிசைகள் 3 பைட்டின் மடங்காக, அதாவது முழுப் பிக்சல்களாக நகர்ந்திருக்கின்றன என்று பொருள். நிறமும் சுழன்று மாறுகிறது என்றால், ஒன்றோ இரண்டோ பைட் எங்கோ கூடியிருக்கிறது அல்லது குறைந்திருக்கிறது. பி.எம்.பி.யில் ஒன்றிரண்டு பைட்டுகள் கணக்குத் தப்புவதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் நிரப்பு பைட். ஒவ்வொரு வரிசையும் 4 பைட்டின் மடங்கில் முடிய வேண்டும் என்பதற்காக வரிசைக் கடைசியில் 0 முதல் 3 பைட் வரை சேர்க்க வேண்டியிருக்கிறது. அகலத்துக்கு ஏற்ப இது மாறும்: நிரப்பு = (4 − (அகலம் × 3) % 4) % 4. இதில் % என்பது வகுத்தால் வரும் மீதி.

64 பிக்சல் படத்தில் இந்தத் தவறு வெளிப்பட வாய்ப்பே இல்லை. 64, 96, 128 மூன்றும் 4இன் மடங்குகள். மூன்றிலும் நிரப்பு பைட் 0. எனவே அந்தச் சோதனை தேறியதற்குக் காரணம் நிரல் சரியாக இருந்தது அல்ல, படத்தின் அகலம்தான். ஹெடரின் உறுப்புகளை ஒன்றாக வைக்கும் ஸ்ட்ரக்டில் கம்பைலர் இடைவெளி சேர்த்துவிட்டதா என்று சிலர் கேட்கக்கூடும். 2 பைட் உறுப்பை அடுத்து 4 பைட் உறுப்பு வருவதால் 14 பைட் ஸ்ட்ரக்ட் 16 ஆகிவிடுவது வழக்கமான தொல்லைதான். ஆனால் அப்படி இருந்தால் அகலமே தவறாகப் படிக்கப்பட்டு, மாதிரிப் படமும் வந்திருக்காது. அதை விட்டுவிடலாம்.

பெரிய படத்தை வைத்துக்கொண்டு பிழை தேடாதீர்கள். 3 பிக்சல் அகலம், 2 பிக்சல் உயரம் கொண்ட படம் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அதன் கோப்பு 78 பைட் இருக்கும். அதை 1.5 மடங்காக்கி, ஹெடரில் எழுதியிருக்கும் கோப்பு அளவு என்ன, வட்டில் உண்மையில் உள்ள அளவு என்ன என்ற இரண்டு எண்களை மட்டும் இங்கே எழுதுங்கள்.

சின்னப்பாலம் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடி 3 × 2 படம் செய்து பார்த்தேன். புதிய படத்தின் அளவு 4 × 3 என்று ஹெடரில் இருக்கிறது. ஹெடரில் உள்ள கோப்பு அளவு 90, வட்டில் உள்ள கோப்பு அளவு 102. நிரப்பு பைட்டைப் பழைய அகலத்துக்குக் கணக்கிட்டு ஒரு மாறியில் வைத்திருந்தேன். எழுதும்போதும் அதையே பயன்படுத்தியிருக்கிறேன் என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. ஆனால் அதனால் வரிசைக்கு 3 பைட் வீதம் 9 பைட்தான் கூடியிருக்க வேண்டும். மீதி 3 பைட் எங்கிருந்து வந்தது?

கீழக்கரை எழுதியது:

தங்கைக்கு, அந்த 3 பைட் ஒரு முழுப் பிக்சல். உங்கள் "மிச்சம்" மாறியை எங்கே பூச்சியம் ஆக்குகிறீர்கள் என்று பாருங்கள். வரிசைதோறும் திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கு வெளியே ஒரே ஒரு முறை ஆக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதல் வரிசையில் 3 பிக்சலுக்கு 4.5 சேர்ந்து, 4 பிக்சல் எழுதி, 0.5 மிச்சம் நிற்கும். அந்த 0.5 அடுத்த வரிசைக்குள் நுழைந்து அங்கே 5 பிக்சலாகிவிடும். மூன்றாவது வரிசையில் மறுபடியும் 4. ஆகமொத்தம் 12 பிக்சல் வர வேண்டிய இடத்தில் 13 பிக்சல். 13 × 3 = 39, அதோடு நிரப்பு 9, ஹெடர் 54, கூட்டினால் 102. கணக்கு ஒரு பைட் பிசகாமல் வந்துவிட்டது.

எனவே இரண்டு திருத்தங்கள். படிக்கும்போது தாண்டிச் செல்ல வேண்டிய நிரப்பு பைட்டுக்கு ஒரு மாறி, எழுத வேண்டிய நிரப்பு பைட்டுக்கு இன்னொரு மாறி என்று பெயரிலேயே பிரித்து வையுங்கள். மிச்சத்தை ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் பூச்சியமாக்குங்கள். உங்கள் பாசிப் படத்தில் 533 பிக்சலுக்கு வரிசை 1599 பைட், நிரப்பு 1. குறைத்த படத்தில் 319 பிக்சல் என்றால் 957 பைட், நிரப்பு 3. படம் காட்டும் மென்பொருள் வரிசைக்கு 960 பைட் எதிர்பார்க்கிறது. உங்கள் நிரல் சில வரிசைகளில் 958, சில வரிசைகளில் 961 என்று கொடுத்திருக்கிறது. நிறம் சுழன்றதற்கும் படம் சாய்ந்ததற்கும் அதுவே காரணம்.

சின்னப்பாலம் எழுதியது:

கீழக்கரை அண்ணனுக்கு நன்றி. இரண்டையும் திருத்தினேன். 3 × 2 படத்தை 1.5 மடங்காக்கினால் ஹெடரிலும் வட்டிலும் 90 என்றே வருகிறது, படமும் சரியாக இருக்கிறது.

0.6 மடங்குக்கும் இதே போலச் சிறிய படம் ஒன்றில் பார்க்கலாம் என்று 5 × 5 படம் செய்தேன். 5 × 0.6 என்பது 3. ஹெடரில் 3 × 3 என்றும் கோப்பு அளவு 90 என்றும் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வட்டில் 72 பைட்தான் இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலாக எண்ணிப் பார்த்தேன்: வரிசைக்கு 2 பிக்சல், மொத்தம் 2 வரிசைகள் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. காரணி, பின்ன எண்ணை 64 பிட்டில் வைக்கும் இரட்டைத் துல்லிய மாறியில்தான் இருக்கிறது. கூட்டலும் கழித்தலும் தவிர நிரலில் வேறு எதுவும் இல்லை.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் லினக்ஸில் சரியாக வந்த 1.5 மடங்குப் பாசிப் படம், அதே நிரலைக் கல்லூரி ஆய்வகத்தில் வின்டோஸில் கம்பைல் செய்தபோது சிதைந்து வந்தது. இவை இரண்டும் ஒரே பிழையா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மண்டபம் முகாம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன், அது தனிப் பிழை. கோப்பைத் திறக்கும் இடத்தில் பைனரி முறையைக் குறிக்கும் எழுத்தை விட்டிருப்பீர்கள். லினக்ஸில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடு இல்லை. வின்டோஸில் உரை முறையில் எழுதினால் 10 என்ற மதிப்புள்ள ஒவ்வொரு பைட்டும் 13, 10 என்று இரண்டாகிவிடும். உரை முறையில் படித்தால் 26 என்ற மதிப்பு வந்ததும் கோப்பு முடிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். நிறத்தின் மதிப்பு 10ஆகவும் 26ஆகவும் இருப்பது பாசிப் படத்தில் சாதாரணம். படிக்கும் கோப்பு, எழுதும் கோப்பு இரண்டையும் பைனரி முறையில் திறந்தால் போதும்.

தொண்டிக்கரை எழுதியது:

5 × 5 படத்தை வைத்துச் சோதித்தது மிகச் சரியான செயல் தங்கையே, இல்லாவிட்டால் இந்தப் பிழையைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. 0.6 என்ற எண்ணைக் கணினியின் இரும எண்முறையில் முழுமையாக எழுத முடியாது. உள்ளே இருப்பது 0.6ஐ விட மிகச் சிறிதளவு குறைந்த ஓர் எண். உங்கள் லூப்பில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். முதல் பிக்சலுக்கு 0.6. இரண்டாவதற்கு 1.2, ஒன்று எழுதி 1ஐக் கழித்தால் 0.2 என்று நாம் நினைப்போம், உள்ளே இருப்பது 0.19999999999999996. மூன்றாவதற்கு ஏறக்குறைய 0.8. நான்காவதற்கு 1.4, ஒன்று எழுதி 0.4. ஐந்தாவது பிக்சலில் சரியாக 1 வந்து மூன்றாவது பிக்சலை எழுத வேண்டும். அங்கே வருவது 0.9999999999999999. அது 1ஐ விடக் குறைவு, எனவே எழுதாமல் வரிசை முடிந்துவிடுகிறது. ஹெடரை எழுதும்போது செய்த 5 × 0.6 என்ற ஒற்றைப் பெருக்கல் மட்டும் வட்டமிடப்பட்டுச் சரியாக 3 என்று அமைகிறது. ஒரே கேள்விக்கு நிரலின் இரண்டு இடங்கள் இரண்டு விடைகளைத் தருகின்றன.

மிச்சத்தோடு ஒரு சிறு எண்ணைக் கூட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சிறு எண் ஒரு காரணிக்குப் பொருந்தும், இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஹெடரை எழுதும் இடத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. 100 பிக்சலை 1.15 மடங்காக்கினால் 115 வர வேண்டும். கணினியில் வருவது 114.99999999999999, நீங்கள் பின்னத்தை வெட்டுவதால் 114 ஆகிவிடும்.

நான் சொல்லும் வழி, நடக்கும் திசையையே மாற்றுவது. நீங்கள் பழைய படத்தின் மேல் நடந்துகொண்டே, "இந்தப் பிக்சலை எத்தனை முறை எழுத வேண்டும்?" என்று கேட்கிறீர்கள். அதற்குப் பதிலாகப் புதிய படத்தின் மேல் நடந்து, "இந்த இடத்துக்குப் பழைய படத்தின் எந்தப் பிக்சல் வர வேண்டும்?" என்று கேளுங்கள். அப்போது புதிய அகலம் எத்தனையோ அத்தனை பிக்சல்தான் எழுதப்படும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது, ஹெடரும் தரவும் முரண்படவே முடியாது. காரணியைத் தொடக்கத்திலேயே ஒரு முறை பயன்படுத்தி, அருகில் உள்ள முழு எண்ணுக்கு வட்டமிட்டுப் புதிய அகலத்தையும் உயரத்தையும் முடிவு செய்துவிடுங்கள். அதன் பிறகு நிரலில் எங்குமே பின்ன எண் வரக் கூடாது. உங்கள் 533 × 0.6 என்பது 319.8, வெட்டினால் 319, வட்டமிட்டால் உங்கள் திரைக்கு வேண்டிய 320.

முழு எண்களிலேயே இடத்தைக் கணக்கிடலாம்: பழையஇடம் = புதியஇடம் × பழையஅகலம் / புதியஅகலம். வகுத்து வரும் மீதியை விட்டுவிட வேண்டும், பிக்சல்களை 0இல் இருந்து எண்ண வேண்டும். 5 பிக்சலை 3 ஆக்கும்போது இது 0, 1, 3 என்ற பிக்சல்களை எடுக்கும். எல்லை தாண்டாது, ஆனால் இடப்பக்கமாகச் சாய்ந்த தேர்வு. 4ஆவது பிக்சலைத் தொடவே இல்லை. பிக்சலை ஒரு புள்ளியாக எண்ணாமல் சிறு சதுரமாக எண்ணி, அதன் நடுவில் இருந்து அளந்தால் இது நேராகும்: பழையஇடம் = (2 × புதியஇடம் + 1) × பழையஅகலம் / (2 × புதியஅகலம்). இப்போது 0, 2, 4 வருகின்றன, இரு பக்கமும் சமம். புதியஇடம் எப்போதும் புதியஅகலத்தை விடக் குறைவாகவே இருப்பதால் விடையும் பழையஅகலத்தை எட்டாது; எனவே எல்லையைத் தாண்டிப் படிக்கும் பிழைக்கு இடமில்லை.

இதற்குப் பழைய படம் முழுவதும் நினைவகத்தில் இருக்க வேண்டும். நிரல் ஓடுவது மைக்ரோகன்ட்ரோலரில் அல்ல, உங்கள் கணினியில். 533 × 400 படத்துக்கு வேண்டியது 6,40,000 பைட்தான். ஒவ்வொரு வரிசைக்கும் நினைவகம் ஒதுக்கும்போது நிரப்பு பைட்டையும் சேர்த்து ஒதுக்குங்கள். கம்பைல் செய்யும்போது, நினைவக எல்லை மீறலைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை இயக்கி வைத்தால், ஒரு பைட் தாண்டி எழுதினாலும் எந்த வரியில் தாண்டியது என்று அங்கேயே காட்டிவிடும். ஸ்கேனர் கொடுக்கும் கோப்பில் உயரம் எதிர்மறை எண்ணாக இருந்தால் வரிசைகள் வழக்கம்போலக் கீழிருந்து மேலாக இல்லாமல் மேலிருந்து கீழாக எழுதப்பட்டிருக்கின்றன என்று பொருள். கணக்குக்கு அதன் குறியை நீக்கிக்கொண்டு, புதிய ஹெடரில் அதே குறியோடு எழுதுங்கள்.

சின்னப்பாலம் எழுதியது:

தொண்டிக்கரை அக்கா, நேற்று மாலை நிரலைப் புதிதாக எழுதினேன். 5 × 5 படம் 90 பைட்டாக வருகிறது. பாசிப் படம் 320 × 240 ஆகி, ஹெடரிலும் வட்டிலும் 2,30,454 பைட் காட்டுகிறது. சாய்வும் இல்லை, நிறமும் மாறவில்லை. வின்டோஸிலும் பைனரி முறையில் திறந்த பிறகு இதே விடை. எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி.

ஆனால் படத்தைத் திரையில் போட்டு அம்மாவிடம் காட்டியபோது, கட்டக்கோரையை உடனே சொன்னவர், கஞ்சிப்பாசியைப் பார்த்து, "இது ஏன் துண்டு துண்டாகக் கிடக்கிறது?" என்று கேட்டார். உற்றுப் பார்த்தேன். ஸ்கேன் செய்த படத்தில் கஞ்சிப்பாசியின் கிளைகள் நுனியில் ஒரு பிக்சல் அல்லது இரண்டு பிக்சல் கனமே இருக்கின்றன. குறைத்த படத்தில் சாய்வாக ஓடும் கிளை பாசிமணி கோத்தது போல விட்டு விட்டுத் தெரிகிறது. நேராக நிற்கும் சில நுனிகள் காணாமலே போய்விட்டன. கிளை பிரியும் விதத்தைப் பார்த்துத்தானே ஒரு பாசியை இன்னொன்றில் இருந்து பிரித்துச் சொல்ல முடியும். இதைச் சரிசெய்யாமல் இந்தப் படத்தை வைத்துப் பயனில்லை.

கீழக்கரை எழுதியது:

அருகில் உள்ள ஒரு பிக்சலை மட்டும் எடுப்பதால் வரும் குறை அது. பக்கத்தில் உள்ள நான்கு பிக்சல்களைத் தூரத்துக்கு ஏற்பக் கலந்து எடுக்கும் இருவழி இடைக்கணிப்பைப் பயன்படுத்துங்கள். எழுதுவதும் எளிது, நான் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன்.

தொண்டிக்கரை எழுதியது:

கீழக்கரை அண்ணன் சொல்லும் முறை படத்தைப் பெரிதாக்கும்போது நன்றாக வேலை செய்யும். குறைக்கும்போது அது போதாது, அதை 5 பிக்சலை 3 ஆக்கும் நம் சிறிய படத்திலேயே பார்த்துவிடலாம். புதிய பிக்சல்களின் நடுவிடங்கள் பழைய படத்தில் 0.33, 2, 3.67 என்ற இடங்களில் விழுகின்றன. இருவழி இடைக்கணிப்பில் முதல் பிக்சல் 0ஆவதில் மூன்றில் இரண்டு பங்கையும் 1ஆவதில் மூன்றில் ஒரு பங்கையும் எடுக்கும். நடுப் பிக்சல் 2ஆவதை மட்டுமே முழுதாக எடுக்கும். அதாவது பாசியின் நுனி 2ஆவது நெடுவரிசையில் நின்றால் முழு அடர்த்தியில் தெரியும், ஒரு பிக்சல் தள்ளி 1ஆவது நெடுவரிசையில் நின்றால் மூன்றில் ஒரு பங்கு அடர்த்தியில் மங்கித் தெரியும். நீங்கள் இப்போது வைத்திருக்கும் முறையிலோ 1ஆவது, 3ஆவது நெடுவரிசைகள் படிக்கப்படவே இல்லை. ஐந்து நெடுவரிசைகளில் இரண்டு அப்படியே கைவிடப்படுகின்றன. காணாமல் போன நுனிகள் எல்லாம் அந்த நெடுவரிசைகளில் நின்றவை.

எல்லாப் பழைய பிக்சலுக்கும் சமமான பங்கு கிடைக்க வேண்டும் என்றால், புதிய பிக்சல் ஒவ்வொன்றும் பழைய படத்தில் எவ்வளவு பரப்பை மூடுகிறதோ அந்தப் பரப்பின் சராசரியை எடுக்க வேண்டும். பின்னம் வருமே என்று அஞ்ச வேண்டாம். ஒரு வரிசையின் நீளத்தை 5 × 3 = 15 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிக்சல் ஒவ்வொன்றும் 3 அலகு நீளம், புதிய பிக்சல் ஒவ்வொன்றும் 5 அலகு நீளம். முதல் புதிய பிக்சல் 0 முதல் 5 வரை மூடுகிறது: பழைய 0ஆவதில் 3 அலகு, 1ஆவதில் 2 அலகு. இரண்டாவது, 5 முதல் 10 வரை: 1ஆவதில் 1, 2ஆவதில் 3, 3ஆவதில் 1. மூன்றாவது, 10 முதல் 15 வரை: 3ஆவதில் 2, 4ஆவதில் 3. ஒவ்வொரு புதிய பிக்சலிலும் எடைகளின் கூட்டுத்தொகை 5. ஒவ்வொரு பழைய பிக்சலும் மொத்தத்தில் 3 அலகு கொடுத்திருக்கிறது. எதுவும் விடுபடவில்லை, எதற்கும் கூடுதல் பங்கு இல்லை. அத்தனையும் முழு எண்கள்.

உங்கள் படத்தில் பழைய பிக்சலின் நீளம் 320 அலகு, புதியதன் நீளம் 533 அலகு. உயரத்துக்கும் இதே போல 240, 400. கிடைமட்ட எடையையும் செங்குத்து எடையையும் பெருக்கி, அதை நிறத்தின் மதிப்போடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே வந்து, கடைசியில் 533 × 400 ஆல் வகுத்தால் சராசரி கிடைத்துவிடும். வகுப்பதற்கு முன் வகுக்கும் எண்ணின் பாதியைக் கூட்டிக்கொண்டால் விடை அருகில் உள்ள முழு எண்ணுக்கு வட்டமாகும். கூட்டுத்தொகையை வைக்கும் மாறி குறியில்லாத 32 பிட் என்றால் ஏறத்தாழ 1 கோடியே 68 லட்சம் பிக்சல் உள்ள படம் வரை தாங்கும். இருந்தாலும் 64 பிட்டில் வைத்துவிடுவதுதான் நல்லது. நீலம், பச்சை, சிவப்பு மூன்றுக்கும் தனித்தனிக் கூட்டுத்தொகை வேண்டும்.

இங்கே நுட்பமான ஒரு செய்தி இருக்கிறது. கோப்பில் உள்ள மதிப்புகள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பவை அல்ல. பாதிக் கருப்பும் பாதி வெள்ளையும் கலந்தால், ஒளியின் கணக்கில் ஏறத்தாழ 188 வர வேண்டும். நாம் மதிப்புகளை நேராகச் சராசரி எடுப்பதால் 128 வரும், அது சற்றுக் கருமையானது. வெள்ளைத் தாளில் அடர் நிறப் பாசி என்பதால் உங்களுக்கு இது கேடு செய்யாது, மெல்லிய நுனிகள் கொஞ்சம் அழுத்தமாகவே தெரியும். அதனால் இந்தத் திட்டப்பணியில் அதைத் தொட வேண்டாம் என்பது என் கருத்து. கருப்புப் பின்னணியில் சங்கையோ சிப்பியையோ படமெடுத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கீழக்கரை எழுதியது:

எண்களோடு பார்த்த பிறகு தொண்டிக்கரை சகோதரி சொல்வதே சரி என்று ஏற்றுக்கொள்கிறேன். நான் பயன்படுத்தியவை எல்லாம் பெரிதாக்கிய படங்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: புதிய முறையை எழுதியதும், முழுவதும் ஒரே நிறமான படம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். எல்லாப் பிக்சலும் 200 என்றால் விடையிலும் எல்லாப் பிக்சலும் 200 ஆகவே இருக்க வேண்டும். ஓரங்களில் 199 வந்தாலும் எடைகளில் எங்கோ தவறு என்று தெரிந்துவிடும்.

சின்னப்பாலம் எழுதியது:

சராசரி முறையை எழுதி முடித்தேன். முதல் முறை ஓட்டியபோது கீழக்கரை அண்ணன் சொன்ன ஒரே நிறப் படத்தில் வலது ஓர நெடுவரிசை மட்டும் 200க்குப் பதிலாகக் குறைந்த மதிப்பைக் காட்டியது. கடைசிப் பழைய பிக்சலுக்கு ஒன்று முன்னதாகவே லூப் நின்றுவிட்டிருந்தது. அதைத் திருத்தியதும் எல்லாப் பிக்சலும் 200. 5 × 5 படத்தின் ஒரு வரிசையைத் தாளில் கையால் கணக்கிட்டு, நிரல் தந்த பைட்டுகளோடு ஒப்பிட்டேன், எல்லாம் பொருந்துகின்றன.

கஞ்சிப்பாசியின் கிளைகள் இப்போது அடியில் இருந்து நுனி வரை அறுபடாமல் தெரிகின்றன. நுனிகள் வெளிறிய சாம்பல் பச்சையாக இருக்கின்றன, ஆனால் ஒன்றும் காணாமல் போகவில்லை. அம்மா திரையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, கஞ்சிப்பாசி என்று சொன்னார். மரிக்கொழுந்துப் படத்தில் மட்டும் ஒட்டியிருந்த வேறொரு சிறு பாசியைச் சுட்டிக்காட்டி, அதை எடுத்துவிட்டு மறுபடியும் ஸ்கேன் செய்யச் சொல்லியிருக்கிறார். 3 × 2, 5 × 5, ஒரே நிறப் படம் ஆகிய மூன்று சோதனைக் கோப்புகளையும் நிரலோடு இந்த இழையில் இணைத்திருக்கிறேன்.